வாய்வாய் தீவில் தோற்றவர்கள்

சகாதா
ஜனவரி 6, 2009

தம்பி ரெய்ஜிக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவநிலையைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுதிவிடுகிறேன். பனி பெய்கிறது. இன்னும் பெய்கிறது.

இனி விஷயம். இரண்டாம் தேதி போனை நான்தான் வைத்தேன். கை தவறி வைக்கவில்லை. "உங்க ஊர்ல யாருக்கும் விளையாடத் தெரியல, அதுக்கு என் கேம் என்ன பண்ணும்?" என்று கேட்டாயே, அதற்குப் பிறகு உன்னோடு பேச என்ன இருக்கிறது? போனில் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் நீ நடுவில் புகுந்து மூன்று விளக்கம் சொல்வாய். கடிதத்தில் புக முடியாது. அதனால் கடிதம்.

நீ இரண்டு வருஷம் உழைத்துச் செய்த 'வாய்வாய் தீவு' கேமும், கம்பெனியில் இரவல் வாங்கி அனுப்பிய, மடக்கித் திறக்கும் நான்கு கேம் மெஷின்களும் வருஷக் கடைசியில் வந்து சேர்ந்தன. புத்தாண்டு மதியம் ஆடினோம். நான், உன் அத்தான் கியோஷி, அவருடைய மூத்த தாரத்து மகள் ஷிஹோ, அவர் தம்பி எய்கிச்சி. கொதாட்சு மேசையின் போர்வைக்குள் எல்லாரும் காலை நீட்டி, நடுவில் ஆரஞ்சுக் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 'கூடினால் கும்மாளம்' என்று பெட்டியில் போட்டிருக்கிறீர்கள். என்ன கும்மாளம்? நான்கு பேரும் நான்கு மெஷினைத் திறந்து நான்கு தலையைக் குனிந்துகொண்டோம். முன்பின் தெரியாத நாலு பேர் ரயிலில் அவரவர் சோற்றுப் பெட்டியைத் திறந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒவ்வொரு குட்டி ஆட்டத்துக்கு முன்பும் எறும்பு எழுத்தில் விதிமுறை. படித்து முடித்தால் 'காத்திருக்கவும்' என்று ஓர் ஆமை திரையில் நடக்கிறது. அந்த ஆமை கரையேறுவதற்குள் எய்கிச்சி குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். "ஆமை வந்திருச்சா?" என்று நடுநடுவே கண்ணைத் திறந்து கேட்டுக்கொண்டார்.

ஒன்றே ஒன்று நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு காகித விளக்கு எரிகிறது, மெஷினின் மைக்கில் ஊதி அதை அணைக்க வேண்டும், முதலில் அணைத்தவருக்கு வெற்றி. எய்கிச்சி ஊதிய வேகத்தில் அவருடைய பல் செட்டு ஆரஞ்சுக் கூடைக்குள் போய் விழுந்தது. ஷிஹோ சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொள்ளாமல் சிரித்தாள், ரெய்ஜி! இந்த வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, அவள் பல்லை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். மறுபடி விளக்கு வரும் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. எந்த ஆட்டம் வரும் என்பதை உன் மெஷின் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறதாம்.

கடைசிச் சுற்றில் அந்தப் பொற்கிண்ணம் வேறு. ஏற்கெனவே முன்னால் இருப்பவருக்கே கிண்ணத்தைத் தூக்கிக் கொடுத்து, புள்ளியை இரண்டு மடங்காக்குகிறது. மூன்று தடவை ஆடினோம், மூன்று தடவையும் கிண்ணம் எனக்குத்தான். ஜெயித்த எனக்கே சலித்துவிட்டது என்றால் பார்த்துக்கொள். "ரொம்ப நல்லா ஆடுனீங்க, யுகாரி-சான். நன்றி" என்று ஷிஹோ குனிந்து வணங்கினாள். மெஷின்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டு மாடிக்குப் போனவள் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் இறங்கினாள்.

இலையுதிர் காலத்தில் உன்னிடம் நான் கேட்டது என்ன? தாயை இழந்த பெண், என்னோடு ஒரு மணி நேரமாவது ஒட்டி உட்காருகிற மாதிரி ஏதாவது அனுப்பு என்றேன். "இது போதும்க்கா, எழுந்திரிக்கவே மாட்டா" என்று மார்தட்டினாய். அதைத்தான் நம்பியிருந்தேன். அவ்வளவுதான் எழுத இருக்கிறது.

அக்கா
யுகாரி


கியோத்தோ
ஜனவரி 15

அக்காவுக்கு,

இங்கே பனி இல்லை. பனிக்கு உரிய குளிர் மட்டும் இருக்கிறது.

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். இப்போதெல்லாம் அங்கே மட்டும்தான் என்னை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. பத்திரிகையில் பத்துக்கு நான்கு போட்டுவிட்டார்கள். பெட்டிக்குள் நாங்கள் வைக்கும் கருத்து அட்டைகளும் திரும்பி வருகின்றன. ஓர் அட்டையில், 'எங்கள் வீட்டு நாய்க்கு அந்த ஆமையைப் பிடித்திருக்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தது. இதுவரை வந்ததில் அதுதான் பாராட்டு.

ஆனாலும் ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பதை நீ நிரூபிக்க வேண்டாம். விளக்கு ஆட்டம் மட்டும் வேண்டுமென்றால் முதல் பக்கத்திலேயே 'விருப்ப ஆட்டம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தொட வேண்டும். கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறோம். நீ கையேட்டைப் படிக்க மாட்டாய். சோறு வடிக்கும் குக்கர் வாங்கிய அன்றும் நீ படிக்கவில்லை, அது இன்றுவரை தப்பான நேரத்தில் மணி அடிக்கிறது.

ஒரு கேம் வாங்கினால் போதும், நான்கு மெஷினுக்கும் அதுவே காற்றில் போய்ச் சேரும். எந்தக் குடும்பத்துக்கு அது லாபம் இல்லை? அப்படிப் போய்ச் சேருகிற நேரத்துக்குத்தான் அந்த ஆமை. இதைச் செய்ய என்ன பாடுபட்டோம் என்று உனக்குத் தெரியாது. பொற்கிண்ணத்தைக் குறை சொல்கிறாய். வருஷம் முழுக்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்த பிறகு எங்கள் குழு, பிரிவுத் தலைவர் ஒனோதெரா அவர்களோடு உட்கார்ந்து இதை ஆடிப் பார்த்திருக்கிறது. கிண்ணம் வந்ததும் கூரை அதிரும். கைதட்டல், பீர், கருவாட்டுத் துண்டு எல்லாம் பறக்கும். கேமிலேயே சூடான நேரம் அதுதான் என்று நானே அறிக்கை எழுதினேன். எங்கள் கண் முன்னால் நடந்ததைப் பொய் என்கிறாயா? மூன்று தடவை ஜெயித்துவிட்டுப் புகார் எழுதும் முதல் ஆளும் நீதான்.

மார்ச் கடைசியில் குழுவைக் கலைக்கிறார்கள். செல்போனில் ராசிபலன் காட்டும் பிரிவுக்கு என்னை மாற்றப் போவதாகப் பேச்சு. நாளை முதல் நீ என்னைக் கும்ப ராசிக்கு என்ன பலன் என்று கேட்கலாம்.

ரெய்ஜி

பின்குறிப்பு: ஷிஹோ சிரித்தது பல் செட்டுக்கா, விளக்குக்கா? அதை மட்டும் எழுது.


சகாதா
ஜனவரி 24

ராசிபலன் ரெய்ஜிக்கு,

பனியைப் பற்றி: கூரையிலிருந்து சரிந்து விழுந்து குளியலறை ஜன்னலை மூடிவிட்டது.

நான் கடைக்காரி போல் கணக்காகக் குறை எழுதினால் நீ குக்கரை இழுக்கிறாய். கூடம் கோணல்தான், தம்பி. கட்டியவன் நீ.

இருந்தாலும் நீ சொன்ன கட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். உன் அத்தானுக்கு இந்த மாதம் முழுக்கப் பனி அள்ளும் வண்டியில் மாலை வேலை. சாப்பாடு ஆனதும் வீட்டில் நானும் ஷிஹோவும் மட்டும். "விளக்கு ஆடலாமா?" என்று கேட்டேன். "உங்களுக்கு விருப்பம்னா ஆடலாம்" என்றாள். எதைக் கேட்டாலும் அவளுக்கு அதே பதில்தான். மீன் பொரிக்கட்டுமா என்றாலும் உங்களுக்கு விருப்பம் என்றால், தூங்கலாமா என்றாலும் உங்களுக்கு விருப்பம் என்றால்.

தினமும் ஆடுகிறோம். உட்காருகிறாள், அதுவே எனக்குப் பெரிது. உன் பின்குறிப்புக்குப் பதில்: அன்று சிரித்தது பல் செட்டுக்குத்தான் போலிருக்கிறது. இப்போது சிரிப்பதில்லை. ஆட்டம் முடிந்ததும், "அருமை, யுகாரி-சான்" என்கிறாள். எனக்கு இதில் தனித் திறமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒரு நாள்கூட நான் தோற்கவில்லை. பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதுகிறவள் அவள், அவளையே ஊதி ஜெயிக்கிறேன் என்றால் சும்மாவா? எய்கிச்சியிடம் சொன்னேன். "அண்ணி, உங்களுக்கு நுரையீரலா, கொல்லன் துருத்தியா?" என்று கேட்டார்.

இன்னும் சில நாள் போனால் பேச்சும் வரும் என்று நம்புகிறேன். உன் கேம் முழுக்க மோசம் இல்லை. பத்துக்கு ஐந்து போடலாம்.

யுகாரி


கியோத்தோ
பிப்ரவரி 2

அக்கா,

பருவநிலை கிடக்கட்டும்.

நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே தெரியவில்லையா? டிராம்போன் ஊதும் பெண் ஊதலில் தோற்கிறாள். யாரிடம்? பிறந்தநாள் கேக்கில் ஒரு மெழுகுவத்தியை அணைக்க மூன்று தடவை ஊதுகிற உன்னிடம். சின்ன வயசில் உனக்காகப் பின்னால் நின்று நான்தானே ஊதுவேன்! அவள் உன்னை ஜெயிக்க விடுகிறாள், அக்கா. முதல் நாளிலிருந்து.

ரயிலில் இதைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். இரண்டு நிலையம் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் யார் ஜெயித்தார்கள்? ஒனோதெரா. எப்போதும் ஒனோதெரா. எங்கள் கம்பெனியில் சேரும் எவனுக்கும் முதல் வருஷம் கணினி கற்றுக் கொடுக்கிறார்களோ இல்லையோ, பெரியவர்களிடம் எப்படித் தோற்பது என்று கற்றுக் கொடுத்துவிடுவார்கள். மஜாங் ஆடினால் கையில் வந்த நல்ல காயைத் தூக்கிப் போட வேண்டும். கோல்ஃபில் பந்தைக் குளத்துக்கு அனுப்ப வேண்டும். வேண்டுமென்றே தோற்றது தெரியாமல் தோற்பதுதான் திறமை. எனக்கு அது நன்றாகவே வரும். அது பழக்கமாகிவிட்டால், செய்கிறோம் என்பதே செய்கிறவனுக்கு மறந்துபோகும். கிண்ணம் அவருக்குப் போனதும் அவர் குதிப்பார், அவர் குதித்தால் நாங்கள் தட்டுவோம். அந்தக் கைதட்டலைக் கேம் நன்றாக இருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு அதன்படியே எல்லா விதியையும் திருகி வைத்தோம். நிஜமாகத் தோற்று, நிஜமாக எரிச்சல்பட்ட ஓர் ஆள்கூட எங்கள் கேமை ஆடிப் பார்க்கவே இல்லை.

வீட்டில் தோற்பவர்கள் நிஜமாகத் தோற்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேமில் இடமே இல்லை. ஜெயிக்கிறவனுக்கே இன்னும் கொடுக்கிறது, மற்றவன் எழுந்து போய்விடுகிறான். பத்துக்கு நான்கு சரிதான். நான் உன்னிடம் போனில் பேசியது தப்பு. மன்னித்துவிடு.

இதை அவரிடம் சொல்ல வேண்டும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று குழுவில் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஷிஹோவிடம் எதையும் கேட்டுவிடாதே. உன் வாயை எனக்குத் தெரியும்.

ரெய்ஜி


சகாதா
பிப்ரவரி 12

ரெய்ஜி,

கேட்டுவிட்டேன்.

நீ தடுத்தது சரி, நான் கேட்டது தப்பு. உன் கடிதம் வந்த அன்று மாலையே, அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்கும்போதே, "வேணும்னேதான் தோத்தியா?" என்று கேட்டுவிட்டேன். குரலும் நன்றாக இல்லை. அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "மன்னிச்சிடுங்க" என்றாள். "எதுக்கு மன்னிப்பு? ஏன் தோத்தேன்னு சொல்லு." "நீங்க ஜெயிச்சா சந்தோஷமா இருக்கீங்க. அதான்." அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் பார்த்தால் மெஷின்கள் பெட்டிக்குள், பெட்டி ஒட்டுநாடாவோடு அலமாரியில். அதற்குப் பிறகு ஆட்டம் இல்லை.

எனக்கு எவ்வளவு வலிக்கிறது தெரியுமா? நான் வந்த நாளிலிருந்து அந்தப் பெண் ஒரு சோற்றுப் பருக்கை மிச்சம் வைத்தது கிடையாது. கதவைச் சாத்தினால் சத்தம் கேட்காது. பாத்திரத்தை உடைத்தது கிடையாது, எதிர்த்துப் பேசியது கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி, "உனக்குக் கொடுத்து வெச்சிருக்கு, எவ்ளோ நல்ல பொண்ணு!" என்பாள். நானும் பூரித்துப் போவேன். இப்போது தெரிகிறது, உன் ஒனோதெராவை நீங்கள் நடத்துவது போல அவள் என்னை நடத்துகிறாள். இந்த வீட்டில் நான் இரண்டு வருஷமாக விருந்தாளி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்? நானும் அதைத்தான் செய்கிறேன். அவளைத் திட்டியதே இல்லை. விளக்கை அணைக்காமல் பள்ளிக்குப் போனால் நானே அணைத்துவிடுவேன். காலையில் அவள் அம்மா மிட்சுயோவின் படத்துக்குச் சோறு வைத்து மணி அடிக்கும்போது, 'உன் இடத்துக்கு வரவில்லை, சும்மா ஓரத்தில்தான் இருக்கிறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். நான் அவளிடம் தோற்கிறேன், அவள் என்னிடம் தோற்கிறாள். அப்புறம் இந்த வீட்டில் யார்தான் ஆடுகிறார்கள்?

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எழுதாதே. முதலில் நீ போய் உன் தலைவரை ஜெயித்துக் காட்டு. அதற்குப் பிறகு எனக்குப் புத்தி சொல்லலாம்.

யுகாரி


(அஞ்சலட்டை)
கியோத்தோ, பிப்ரவரி 18

அக்கா, வெள்ளிக்கிழமை ஆடுகிறேன். குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. ராசிபலன் பிரிவில் நாற்காலி நன்றாக இருக்குமாம். ரெய்ஜி


கியோத்தோ
பிப்ரவரி 23

அக்கா,

கோயில் வளாகங்களில் பிளம் மரங்கள் பூத்துவிட்டன. இந்த முறை பருவநிலை எழுதும் அளவுக்கு மனசு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வழக்கம் போல் மேசையைத் துடைத்து, பீரும் கருவாடும் வைத்து, ஒனோதெராவை நடுவில் உட்கார வைத்தோம். முதல் ஆட்டமே விளக்கு. நான் ஊதினேன். அவர் வாயைக் குவிப்பதற்குள் என் விளக்கு அணைந்துவிட்டது. எதிரில் இருந்த பெண் கருவாட்டைக் கீழே போட்டாள்.

"ஏதோ மெஷின் கோளாறு போல," என்றார் ஒனோதெரா. "மறுபடி."

மறுபடி ஜெயித்தேன். மீன் பிடிக்கும் ஆட்டத்தில் ஜெயித்தேன். கயிறு தாண்டுவதில் ஜெயித்தேன். பக்கத்தில் இருந்தவன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்துக்கொண்டே இருந்தான். அவர் கழுத்து சிவந்து, காது சிவந்து, டையைத் தளர்த்திவிட்டு, "இன்னொரு தடவை" என்றார். கடைசிச் சுற்று வந்தது. பொற்கிண்ணம் தானாக மிதந்து என்னிடம் வந்து புள்ளியை இரண்டு மடங்காக்கியது. அவர் அதையே வெறித்துப் பார்த்தார்.

"இவன் ஏற்கெனவே முன்னாடிதானே இருக்கான். இவனுக்கு எதுக்குக் கிண்ணம்? எந்த மடையன் வெச்ச ரூல் இது?"

பக்கத்தில் இருந்தவன் மறுபடி என் காலை மிதித்தான்.

"நீங்கதான் சார்," என்றேன். "நீங்க ஜெயிக்கும்போது நல்லாயிருக்குன்னு சொன்னீங்க. நாங்க தட்டினோம். தட்டினதையே நான் அறிக்கையா எழுதிட்டேன்."

மெஷினை மூடி வைத்தார். பிறகு மெதுவாக, "அப்ப மஜாங்?" என்று கேட்டார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். "கோல்ஃபுமா?" யாரோ தும்மினார்கள். "கரோகேல நான் பாடுறது?" அதற்கு நான்கூட வாயைத் திறக்கவில்லை. கோட், மெஷின் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கழுத்துத் துணியை மறந்து வைத்துவிட்டார்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் ராஜினாமாக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். இன்று காலை கூப்பிட்டார். உள்ளே போனால் மேசை மேல் அந்த மெஷின் திறந்து கிடக்கிறது. "வீட்டுக்குப் போய் என் மனைவியோட ஆடினேன்," என்றார். "அவ முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட என்னை ஜெயிக்க விட்டது கிடையாது. அதனாலதான்யா நான் ஆபீஸ்ல ஆடுறேன்!" சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அவகிட்ட தோத்துட்டு நான் ஏன் எழுந்து போகலன்னு யோசிச்சேன். அவ என்னைப் பாத்து சிரிக்கிறா. நான் அவளைப் பாக்குறேன். உன் கேம்ல அது இல்ல. கோடைக்காலம் வரைக்கும் குழுவைக் கலைக்கல. தோக்குறவன் எழுந்து போகாத மாதிரி ஒண்ணு பண்ணிக் காட்டு. காட்டலன்னா ராசிபலன்தான்." கதவு வரைக்கும் வந்த பிறகு கேட்டார்: "என் பாட்டு அவ்வளவு மோசமா?" "ஆமா சார்," என்றேன்.

நான் ஜெயித்துவிட்டேன், அக்கா. இனி உனக்குப் புத்தி சொல்லலாமா? சொல்லப் போவதில்லை. வேலை தருகிறேன். விளக்கு ஆட்டத்தையும் இன்னும் சில ஆட்டங்களையும் அவசரமாக மாற்றி இன்னொரு கேம் சிப்பில் போட்டு அடுத்த வாரம் அனுப்புகிறேன். இதில் ஆமை கிடையாது, கிண்ணம் கிடையாது. மெஷின் ஒன்றே ஒன்று, அது கைக்குக் கை போக வேண்டும். விளக்கைக் குறைந்த நேரத்தில் அணைத்தவருக்கு வெற்றி. ஊதுகிறவர் முகத்தை மற்றவர்கள் பார்த்தே ஆக வேண்டும். அடுத்து என்ன ஆட்டம் என்று தோற்றவர் முடிவு செய்வார்.

அதோடு ஷிஹோவுக்கு ஒரு தாளும் வரும். கம்பெனிக்கு ஒரு சோதனை ஆட்டக்காரி வேண்டும் என்று நானே எழுதுவேன். நல்லது எதையும் அவள் சொல்லக் கூடாது, அதைச் சொல்ல இங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள். எது மோசம், யார் மோசமாக ஆடுகிறார்கள், எந்த இடத்தில் எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான் வேண்டும். பொய்யாகத் தோற்றால் என் சோதனை கெட்டுப்போகும், எனக்கு வேலை போய்விடும் என்றும் எழுதுவேன். அது பொய்யில்லை.

நீயும் விட்டுக்கொடுக்காதே.

ரெய்ஜி


சகாதா
மார்ச் 22

தம்பி ரெய்ஜிக்கு,

பனி உருகுகிறது. கூரையிலிருந்து நாள் முழுக்கச் சொட்டுகிறது. குளியலறை ஜன்னல் வழியாக மறுபடி வெளிச்சம் வருகிறது.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் அல்ல, நேரமே கிடைக்கவில்லை. சொல்கிறேன்.

உன் தாளை ஷிஹோ இரண்டு முறை படித்தாள். "மாமாவுக்கு நெஜமாவே வேலை போயிடுமா?" என்று கேட்டாள். "போயிடும். ராசிபலன் எழுதப் போயிடுவான்," என்றேன். பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து கொதாட்சுவில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். மெஷினை என்னிடம் கொடுத்து, "நீங்க முதல்ல" என்றாள். நான் கன்னம் வலிக்க ஊதினேன். விளக்கு ஆடியது, ஆடியது, கடைசியில் ஒருவழியாக அணைந்தது. அவள் வாங்கினாள். மூச்சை உள்ளே இழுத்தாள். 'பூ' என்றாள். அவ்வளவுதான். விளக்கு அணைந்ததோடு மேசையில் இருந்த ஆரஞ்சுத் தோல் என் மடியில் வந்து விழுந்தது.

மறுபடி ஆடினோம். மறுபடியும் அதே கதை. எனக்கு முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, அடடா பெண் நிஜமாக ஆடுகிறாளே என்று. ஆறாவது ஏழாவது தடவையில் அந்த மகிழ்ச்சி எல்லாம் போய்விட்டது. எனக்குத் தோற்கப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். "வேற ஆட்டம்! தோத்தவங்கதானே முடிவு பண்ணணும்? மீன் பிடிக்கிறது!" என்று கத்தினேன். மீனிலும் தோற்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதும்போது என் கண் இரண்டும் வெளியே வந்துவிடுகிறதாம். திடீரென்று பென்சிலைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ரொம்ப மோசம்! எப்படி இவ்ளோ மோசமா ஆடுறீங்க?" "நீ ஊதுனது மைக்க ஒட்டி, அது போங்கு!" "போங்கு இல்ல! உங்களுக்கு மூச்சே இல்ல!" "கொடு மெஷினை!" "தர மாட்டேன், இப்ப என் முறை!" இருவரும் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். வேலை முடிந்து வந்த உன் அத்தான் வாசற்படியிலேயே தோளில் பனியோடு நின்றுகொண்டிருக்கிறார். உள்ளே வரவில்லை. பனி உருகித் தரையெல்லாம் ஈரம். "அப்பா, தரை நனையுது!" என்று அவருக்கும் ஒரு அதட்டல் விழுந்தது.

அவள் உனக்கு எழுதிய குறைகள் தனி உறையில் இருக்கின்றன. முன்னெச்சரிக்கை: கடுமையாக இருக்கும். மீன் ஆட்டத்தில் சத்தம் தலைவலி தருகிறதாம். மெஷின் கைமாறும்போது விரல் பட்டுத் திரை மாறிவிடுகிறதாம். 'யுகாரி-சான் ஊதும் வரை காத்திருக்கும் நேரம் மிக நீளம்' என்றுகூட ஒன்று இருக்கிறது. அதை மட்டும் நீ கண்டுகொள்ள வேண்டாம்.

நான் எழுத வந்தது அது இல்லை. அதற்கு மறுநாள் காலை நடந்தது.

இங்கே காலையில் நாட்டோ இல்லாமல் சோறு கிடையாது. புளித்த சோயாவைக் குச்சியால் நுரைக்க நுரைக்கக் கலக்கி, கடுகு விட்டு, நான் முதலில் ஷிஹோ கிண்ணத்தில்தான் வைப்பேன். இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வைத்திருக்கிறேன். அவளும் ஒரு சோயா மணி விடாமல் சாப்பிட்டு, "நல்லா இருந்துச்சு, நன்றி" என்று சொல்லிவிட்டுத்தான் எழுவாள். அன்று கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு நாட்டோ பிடிக்காது."

"என்னது?"

"பிடிக்கவே பிடிக்காது. நாத்தம். எப்பவுமே பிடிக்காது."

"அப்ப ஏண்டி இவ்ளோ நாள் தின்ன?" என்று கேட்டேன். அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே பிறகுதான் உறைத்தது.

"நீங்க ஏன் கேக்கல?" என்றாள். முட்டையை உடைத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டு தின்றுவிட்டு, பாதியை மிச்சம் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கதவைச் சாத்தினாள் பார், வீடே அதிர்ந்தது. நான் அந்த மிச்சச் சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து அழுதேன், ரெய்ஜி. இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்தது கிடையாது.

மிட்சுயோவின் படத்துக்கு மணி அடித்துவிட்டுச் சொன்னேன்: "உன் மகளுக்கு நாட்டோ பிடிக்காதாமே. உனக்குத் தெரியும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" முதல் தடவையாக அவளிடம் சண்டை பிடித்தேன். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

உன் பழைய கேமுக்குப் பத்துக்கு நான்குதான், நான் போட்ட ஐந்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். புதியதற்கு இப்போது எதுவும் போட மாட்டேன், எனக்கு வேலை இருக்கிறது. சனிக்கிழமை அவள் தோழிகள் இரண்டு பேர் ஆட வருகிறார்கள். "யுகாரி-சான் எவ்ளோ மோசமா ஆடுறாங்கன்னு வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருக்கிறாளாம். அவ்வளவு லேசில் விட்டுவிடுவேனா? அவள் பள்ளிக்குப் போனதும் சமையலறையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து ஊதிப் பழகுகிறேன். இன்னும் மூன்று தடவை ஆகிறது.

அக்கா
யுகாரி